ரேடியோவில் பேசிய பபூன்

கரையான்சாவடி ஜம்புலிங்கத்துக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. சோறு தின்னும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். பங்குக்கு வந்த நிலத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு, பதினெட்டு வயதில் நாடகக் கம்பெனிக்கு ஓடிப்போனவன் அவன். அங்கே பபூன் வேஷம் கட்டினான். படுதாவுக்கு அடியில் அவன் கால்கள் தெரிந்தாலே போதும், சனம் சிரித்துவிடும்.

முப்பத்தொன்பதாம் வருஷம் மெட்ராஸ் ரேடியோவிலிருந்து கடிதம் வந்தது. கால் மணி நேரம் சிரிக்கவைக்க வேண்டும்.

அங்கே வீரராகவன் என்ற அதிகாரி சுண்ணாம்புக்கட்டியால் தரையில் ஒரு வட்டம் போட்டார்.

“இதைத் தாண்டாதீங்க. தாண்டினா குரல் மைக்குக்குப் போய்ச் சேராது.”

சிவப்பு விளக்கு எரிந்தது. ஜம்புலிங்கம் முதல் வேடிக்கையைச் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை, சிரிக்க அங்கே ஆளே இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவனுக்கு வியர்த்தது. என்ன செய்கிறோம் என்று தெரியுமுன்பே கால்கள் துள்ள ஆரம்பித்துவிட்டன.

ஊரில் ரேடியோ இருந்தது வரதனின் அரிசி மண்டியில் மட்டும்தான். மனைவி நாகவல்லி அங்கே நின்று கேட்டிருந்தாள். ஜம்புலிங்கம் வீட்டுக்குள் நுழைந்ததுமே அவளிடம் கேட்டான்.

“சிரிச்சாங்களாடி?”

“இன்னாத்துக்கு சிரிப்பாங்க? நீ பாதி பேசுறே, மீதி காணோம். நடுவுல தொப்பு தொப்புன்னு சத்தம். பொட்டி ரிப்பேருன்னு வரதன் தட்டித் தட்டிப் பாத்தாரு.”

மறுநாள் விடிந்ததும் ஆவடிக்கு நடந்தான். கிடைத்த ரயிலில் ஏறிப் பட்டணம் போனான். இறங்கி அடுத்த ரயிலில் திரும்பினான். இப்படியே பத்து நாள். மூன்றாம் வகுப்புப் பெட்டியில், ரேடியோ கேட்பவனைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தான். மீன்கூடைக்காரியின் ஏச்சு, இடம் கேட்டதும் குறட்டை விடும் ஆசாமி, டிக்கெட் பரிசோதகரின் கரகரப்பு எல்லாம் கால் இல்லாமலே சிரிப்பு மூட்டின. இத்தனை நாளும் நாம் காதால் எதையுமே கேட்கவில்லையே என்று நினைத்தான்.

வீரராகவனிடம் நடையாய் நடந்து இன்னொரு வாய்ப்பு வாங்கினான். இந்தத் தடவை தொடையை இரு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, ஒரே தொண்டையில், ரயிலில் கேட்ட ஐந்து பேராகச் சண்டை போட்டான்.

“மண்டியே ஆடிப்போச்சுயா! வரதன் மூட்டை மேலேருந்து உருண்டுட்டாரு,” என்றாள் நாகவல்லி.

“எந்த எடத்துல மொதல்ல சிரிச்சாங்க? ரொம்ப நேரம் சிரிச்சாங்களா?”

“நான் இன்னா எண்ணிக்கினா நின்னேன்?”

தான் சமைத்ததை யாரோ தின்றுவிட்டு ருசி சொல்வது போலிருந்தது அவனுக்கு. மாதாமாதம் ரேடியோ கூப்பிட்டது. மாதாமாதம் அதே கேள்வியோடு வீடு திரும்பினான்.

ஒருநாள் பூந்தமல்லி பூச்சந்தையில் கோவிந்தன் என்ற பூக்காரன் கூட்டம் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தான். “டிக்கெட்டு கீது சாமி, டிக்கெட்டுக்குத்தான் எடமில்ல!” எல்லோரும் சிரித்தார்கள்.

“அது நான் பேசுனது,” என்றான் ஜம்புலிங்கம்.

“இன்னா மாமே, ரேடியோக்காரன் இங்க இன்னாத்துக்கு வரான்?”

ஜம்புலிங்கம் மீன்கூடைக்காரியின் குரலில் ஒரு ஏச்சு விட்டான். கோவிந்தன் கை தட்டினான். “அட, அந்தாளு மாதிரியே பேசுறியே!”

நாற்பத்திரண்டில் யுத்த பயத்தில் பட்டணமே காலியானபோது நாடகக் கம்பெனியும் கலைந்தது. ரேடியோ மட்டும் மிச்சம். கூண்டுப்புலி போல வீட்டுக்குள் நடந்தான். சனம் திரும்பியதும் அவனே ஆள் சேர்த்துத் திருநின்றவூரில் நாடகம் போட்டான். ‘ரயில் சண்டை, ரயில் சண்டை’ என்று கூட்டம் கத்தியது. மேடையில் பெஞ்சியைப் போட்டு ஓடிக்கொண்டே ஐந்து குரலிலும் பேசினான். சிரிப்பு அலையலையாக வந்து முகத்தில் மோதியது. மூன்று தடவை செய்தான். ராஜா வேஷம் போட்ட கோதண்டம் கிரீடத்தோடு ஓரத்தில் நின்று பல்லைக் கடித்தான்.

“நாங்க எப்ப வர்றது, அண்ணாத்தே?”

“இரு நைனா, இன்னொரு வாட்டி!”

நாற்பத்தாறில் ரேடியோவில் நிரந்தர வேலை தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று எழுதிப் போட்டான். நாகவல்லி மூன்று நாள் அவனோடு பேசவில்லை. நாலாம் நாள் அவனுடைய வேஷப் பெட்டியைக் கட்டிவைத்தவளும் அவள்தான். அரக்கோணத்தில் திருவிழாக் கூட்டம் காத்திருந்தது.