சித்தி வெட்டிய காடிகள்

ஆறாம் வகுப்பில் என்னோடு படித்தவர்கள் எல்லோரும் என் சித்தப்பா கம்ப்யூட்டர் செய்கிறவர் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். நான் பொய் சொல்லவில்லை. கம்யூட்டேட்டர் என்றுதான் சொன்னேன். டீச்சர் உட்பட யாருக்கும் அது சரியாகக் காதில் விழவில்லை. நானும் திருத்தப் போகவில்லை. ஊரில் கம்ப்யூட்டர் சென்டர்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரு வருடம் முழுக்க அந்தப் பெருமையை அனுபவித்தேன்.

சித்தப்பாவின் பட்டறை சிவகாசியிலிருந்து விஸ்வநத்தம் போகும் சாலையில் இருந்தது. காலண்டர் அடிக்கும் பெரிய ஆப்செட் மெஷின்களில் அப்போது டிசி மோட்டார்தான் அதிகம். அந்த மோட்டாருக்குள் சுழலுகிற பாகத்தின் ஒரு முனையில், செம்புத் துண்டுகளை ஆரஞ்சுச் சுளை போல வட்டமாக அடுக்கி இறுக்கிய ஓர் உருளை இருக்கும். அதுதான் கம்யூட்டேட்டர். ஒரு துண்டும் அடுத்த துண்டும் தொட்டுவிடாதபடி நடுவில் மெல்லிய மைக்கா தகடு. உருளையின் மேல் கார்பன் பிரஷ் உரசி உரசி மின்சாரத்தை உள்ளே அனுப்பும். நாளாக ஆக செம்பு தேயும், மைக்கா தேயாது. மைக்கா துருத்திக்கொண்டு நின்றால் பிரஷ் துள்ளும், பொறி பறக்கும். அதனால் உருளையை லேத்தில் கடைந்து, பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் நடுவே மைக்காவை மட்டும் ஒரு மயிரிழை ஆழத்துக்குக் கையால் வெட்டி எடுக்க வேண்டும். காடி வெட்டுவது என்பார் சித்தப்பா. புதிதாகவும் செய்து கொடுப்பார். ஆனால் பழுதாகி வருபவைதான் அதிகம்.

அப்பா திருப்பூர்ப் பக்கம் ஒரு மில்லில் இருந்தார். மாதம் ஒரு தடவை வருவார். அம்மா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆகவே பள்ளி விட்டதும் நான் போய்ச் சேருகிற இடம் பட்டறைதான். அங்கே எனக்கென்று ஒரு முக்காலி, எனக்கு நேராகத் திருப்பி வைத்த ஒரு மேஜை விசிறி, சாத்தூர்க் காராச்சேவு ஒரு பொட்டலம். எறும்புகளைப் பார்க்க சித்தப்பாவின் பூதக்கண்ணாடி. எனக்கு உத்தியோகமும் ஒன்று உண்டு. கடைந்து முடித்த உருளையில் எத்தனை துண்டு என்று சாக்பீஸால் குறியிட்டு எண்ணிச் சொல்ல வேண்டும். சித்தப்பாவுக்கு எண்ணிக்கை முன்பே தெரியும் என்பது எனக்குத் தெரியாது. "தொண்ணூத்தி மூணு சித்தப்பா" என்பேன். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பார்.

அந்த மே மாதம் அவருக்குக் கல்யாணம் ஆனது. அம்மாதான் முன்னால் நின்று பேசி முடித்தாள். சித்திக்குச் சொந்த ஊர் எம். புதுப்பட்டி. முகம் அழகு, பேச்சு குறைவு. சர்ச்சில் கல்யாணத்தன்று, அந்த வேக்காட்டிலும், மணிக்கட்டு வரை கை வைத்த ரவிக்கை போட்டிருந்தாள். எனக்கு அது பெரிய ஸ்டைலாகத் தெரிந்தது. அதனாலேயே அவளை எனக்குப் பிடிக்கவில்லை.

முதலில் மத்தியானச் சாப்பாடு கொண்டுவரத்தான் பட்டறைக்கு வந்தாள். ஒருநாள் சித்தப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அவர் வெட்டி வைத்திருந்த உருளையைக் குனிந்து பார்த்துவிட்டு, தலையிலிருந்த ஊக்கை எடுத்து ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினாள். "இங்கன லேசா ஒட்டிக்கிட்டு நிக்குது பாத்தீகளா?"

சித்தப்பா சோற்றுக் கையோடு எழுந்து வந்தார். காடியின் ஓரத்தில் மைக்கா நூல் போல மிச்சமிருந்தது. பொட்டலம் பிரித்த பிள்ளை போல அவர் முகம் விரிந்ததைப் பார்த்தேன்.

அவ்வளவுதான். மறுவாரம் அறுப்பு பிளேடை உடைத்து, துணி சுற்றி, கைப்பிடி செய்து சித்தியிடம் கொடுத்தார். எட்டு வயதிலிருந்து பட்டாசுக்குத் திரி செருகிய விரல்கள் அவை. ஓர் உருளைக்குச் சித்தப்பா அரைநாள் எடுப்பார். சித்தி இரண்டு மணி நேரத்தில் முடித்தாள், அதுவும் செம்பில் ஒரு கீறல் விழாமல். மோட்டார் எடுக்க வருகிறவர்களிடமெல்லாம் சித்தப்பா, "நம்ம வீட்டுல வெட்டினது, பாருங்க" என்று காட்டினார். முன்பெல்லாம் அவர் காட்டிய ஒரே பொருள் நான்தான். "எங்க அண்ணன் மக, நல்லாப் படிக்கும்."

விசிறி சித்தியின் பக்கம் திரும்பியது. சேவுப் பொட்டலம் இரண்டாகப் பிரிந்தது. துண்டுகளை எண்ணுவதற்கு யாரும் என்னைக் கூப்பிடவில்லை, வெட்டும்போதே அவளுக்குத் தெரிந்துவிடுகிறதாம். ஒருநாள் பள்ளியிலிருந்து வந்து பார்த்தால் பூதக்கண்ணாடி கம்பியில் கட்டி அவள் உட்காருமிடத்துக்கு மேலே தொங்கியது.

"அது என்னுது" என்றேன்.

"சித்திக்கு வேலைக்கு வேணும்லா புள்ள. நீ எறும்பைத்தானே பாக்கே?" என்றார் சித்தப்பா.

சித்தி உடனே அதை அவிழ்க்கப் போனாள். "குடுத்துருங்க. புள்ள ஆசையா வச்சிருக்கு. எனக்குக் கண்ணாடி இல்லாமயே தெரியும்."

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டேன். அவள் பிடுங்கியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கொடுக்க வந்ததுதான் பொறுக்கவில்லை. அன்றைக்கு ஜெபத்தில், சித்திக்கு விரல் வீங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். மறுநாள் பார்த்தேன், வீங்கவில்லை.

காலண்டர் சீசன் சூடு பிடித்தது. பெரிய பிரஸ் ஒன்றிலிருந்து மோட்டார் வந்திறங்கியது. அதைச் சரியாகச் செய்து கொடுத்தால் அவர்களுடைய எல்லா மோட்டாரும் இங்கேதான் வரும் என்று சித்தப்பா சாப்பிடும்போதுகூடச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரே கடைந்தார், சித்தி காடி வெட்டினாள். அது ஒரு சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. மத்தியானம் சித்தப்பா லைட் அடித்துக் காடி காடியாகச் சோதித்து, எதுவும் எதையும் தொடவில்லை என்று உறுதி செய்துகொண்டார். இருவரும் பின்பக்கம் கை கழுவப் போனார்கள்.

லேத்துக்கு அடியில் செம்புச் சுருள்கள் கிடந்தன. ஒன்றை எடுத்தேன். பல்லால் கடித்து மூன்றாக்கினேன். ஜாமென்ட்ரி பாக்ஸ் காம்பஸின் கூர்முனையால் மூன்று காடிகளுக்குள் வைத்து அமுக்கி, கட்டைவிரலால் தேய்த்துவிட்டேன். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. துண்டும் துண்டும் தொட்டால் பொறி பறக்கும் என்று எனக்குத் தெரியும், சித்தப்பா சொல்லித்தந்த பாடம்தான். கொஞ்சம் பறந்தால் போதும் என்றே நினைத்தேன். 'உனக்கு இது சரிப்பட்டு வராது, நீ வீட்டிலேயே இரு' என்று அவர் சொல்லுகிற அளவுக்கு.

மோட்டாரைப் பூட்டி முடிக்க நான்கு மணி ஆயிற்று. பிரஸ்ஸின் எலெக்ட்ரீசியன் டிரையல் பார்க்க வந்திருந்தார். டிரையல் என்றால் சித்தி எப்போதும் டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விடுவாள். வேலையிலிருந்து நழுவுகிறாள் என்று நான் கணக்கு வைத்திருந்தேன். அன்று சித்தப்பா விடவில்லை. "டீ கிடக்கட்டும். நீ செஞ்சது ஓடுறதை நீ பாக்க வேண்டாமா?" அவள் வாசற்படியில் நின்றாள், ஒரு கால் வெளியே இருந்தது. நான் மோட்டாருக்கு அருகிலேயே, பொறி நன்றாகத் தெரிகிற இடத்தில் போய் நின்றுகொண்டேன்.

சித்தப்பா சுவிட்சைப் போட்டு மெல்ல வேகத்தைக் கூட்டினார். பிரஷ்ஷின் ஓரத்தில் நீலமாகக் கொஞ்சம் பூத்தது. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அடுத்த நொடி அந்த நீலம் உருளையைச் சுற்றி ஒரு வளையமாக ஓடியது. கண் கூசும் வெளிச்சம், சரவெடி போலச் சத்தம். பட்டறையில் எல்லா விளக்கும் அணைந்தது.

என்மேல் ஏதோ வந்து மோதியது. நான் குப்புற விழுந்தேன். சித்தி என்மேல் முழுதாகப் படுத்திருந்தாள். ஒரு கை என் தலைமேல், ஒரு கை என் முகத்தின் மேல். "கண்ணை மூடிக்கோ. வாயை மூடிக்கோ. மூச்சு விடாத, உள்ள இழுக்காத" என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளுடைய நெஞ்சு அடிப்பது என் முதுகில் இடித்தது. எரியவோ புகையவோ ஒன்றுமில்லை, ஃப்யூஸ் போனதோடு எல்லாம் முடிந்திருந்தது. ஆனால் அவள் எழவில்லை.

"ஒண்ணுமில்ல, விடு. ஏய், ஒண்ணுமில்லம்மா. இங்க பாரு, நாந்தான்" என்று சித்தப்பா பக்கத்தில் மண்டியிட்டு, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் என்னை எடுத்தார். அவளுடைய ரவிக்கைக் கை தோளிலிருந்து கிழிந்திருந்தது. உள்ளே தோல் பளபளவென்று இழுபட்டுச் சுருங்கி, கை போலவே இல்லை. நான் பார்த்ததை அவள் பார்த்தாள், முந்தானையால் மூடிக்கொண்டாள்.

என் முழங்காலில் இரும்புத்தூள் கிழித்து ரத்தம் வந்தது. அழுதேன். ஆனால் யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

சித்தப்பா பிரஷ்ஷைக் கழற்றிப் பார்த்தார். மூன்று இடத்தில் செம்பு கருகிக் குழிந்திருந்தது. ஒரு காடியில் உருகிய செம்புத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

"பொம்பளையாளு கைல இந்த வேலையைக் குடுத்தா இப்படித்தான்" என்றார் எலெக்ட்ரீசியன்.

சித்தி சுவரோரம் நின்றுகொண்டு, "நாந்தான் சரியாத் தொடைக்காம விட்டுருக்கேன்" என்றாள்.

"டெஸ்ட் பண்ணினது நான். தப்பு என்னுது. அவளை ஒண்ணும் சொல்லாதீக" என்றார் சித்தப்பா.

நான் செய்ததற்கு இரண்டு பேர் மாறி மாறி உரிமை கொண்டாடினார்கள். அதிலும் எனக்குப் பங்கில்லாமல் போனது என்று அந்த நேரத்திலும் எனக்கு எரிந்தது.

அந்த மோட்டாரைச் சித்தப்பா மறுபடி கடைந்து, திங்கட்கிழமை ஓட்டிக் காட்டினார். அது நன்றாகத்தான் ஓடியது. பிரஸ்காரர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள், அடுத்த மோட்டாரைக் கொண்டுவரவில்லை. சித்தி பட்டறைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். தன் கை தவறியதாகவே நம்பினாள் என்பதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துவது. சித்தப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கிறிஸ்துமஸ் கழித்துத்தான், "பாதி வேலை கெடக்கு, உன் கை இல்லாம ஓடலை" என்று கூட்டிக்கொண்டு வந்தார். வந்த முதல் வாரம் வெட்டிய ஒவ்வொரு காடியையும் பத்துத் தடவை தடவிப் பார்த்தாள். நடுவில் இருந்த மாதங்களில் விசிறி என் பக்கம் திரும்பியிருந்தது. பூதக்கண்ணாடியும் என் கைக்கு வந்தது. சித்தப்பா மட்டும் அவ்வளவாகப் பேசவில்லை. "தொண்ணூத்தி மூணு" என்று நான் எண்ணிச் சொன்னபோது தலையை மட்டும் ஆட்டினார்.

நான் சொல்லவே இல்லை. பலமுறை வாய்வரை வந்திருக்கிறது. சித்திக்கு இப்போது தலை நரைத்துவிட்டது, பேத்தி இருக்கிறாள். இனிச் சொல்லி யாருக்கு என்ன என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

நான் காலேஜ் முடித்த பிறகு ஒருநாள் அம்மா தானாகச் சொன்னாள். சித்திக்குப் பதினைந்து வயதாக இருக்கும்போது, அவள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் ஓர் அறை பற்றிக்கொண்டது. அவள் வாசலுக்குப் பக்கத்தில் இருந்தாள். ஓடி வெளியே வந்துவிட்டாள், கைகள் மட்டும் வெந்தன. அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தங்கச்சி வரவில்லை. சித்தி மூன்று மாதம் அம்மாவின் வார்டில் கிடந்தாள். காயத்துக்குக் கட்டு மாற்றும்போது வலிக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லையாம். "வாசலைப் பாத்து ஓடிட்டேனே அக்கா, திரும்பிப் பாக்கலையே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பாளாம்.

பட்டறையில் அது நடந்த அன்று எனக்கு இதில் ஒன்றுமே தெரியாது. டூட்டி முடிந்து அம்மா வந்ததும், அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் புகார் சொன்னேன். மோட்டார் வெடித்தது, சித்தி என்னைத் தள்ளிவிட்டுவிட்டாள், ரத்தம் வந்தது, யாரும் பார்க்கவில்லை.

அம்மா முழங்காலைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.

"அவ எங்கன நின்னா?"

"வாசப்படியில."

"வாசப்படியில நின்னவ உள்ள வந்தாளா?"

"ஆமா. ஓடி வந்து தள்ளிவிட்டுட்டாக."

"வெளிய போகலையா? உள்ளயா வந்தா?" அதையே மறுபடியும் கேட்டாள்.

"உள்ளதான். எம்மேல வந்து விழுந்தாக."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து, வெள்ளைச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அம்மா அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கடைசியில் ஓர் ஆளாவது எனக்காக அழுகிறதே என்று இருந்தது. பாவாடையை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கி, காயம் நன்றாகத் தெரியும்படி அவள் முன்னால் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.