கப்பி ரேஸில் கழன்ற செயின்

செயின் கழன்று விழுகிற சத்தத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஒரு 'கடக்'. அப்புறம் பெடல் பாரமில்லாமல் வெறுமனே சுற்றும். போன வாரம் காட்பாடிப் பாலத்து ஏற்றத்தில், எனக்கு முன்னால் போன ஒரு நர்ஸம்மாவின் சைக்கிளில் அது கேட்டது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஓடினேன். ஓடினேன் என்பது பேச்சுக்கு. இந்த முழங்காலுக்கு அது நடைதான். மாட்டிக் கொடுத்ததும் அந்தம்மா என் விரல்களையே பார்த்தார். "கையெல்லாம் கிரீஸாயிடுச்சே அங்கிள். இந்தாங்க, துடைச்சுக்குங்க."

துடைக்கவில்லை. விரலில் ஒட்டிய கிரீஸை மோந்து பார்த்தேன். ஆம்பூர் அடித்தது.

நாங்களெல்லாம் மூக்கை ஆம்பூரில், தோல் பதனிடுகிற ஷாப்பில் தொலைத்தவர்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் முகத்தை ஜன்னலுக்குத் திருப்பினால்தான் நம்மேல் வாடை வருகிறது என்றே தெரியும். நானும் அன்வரும் ஒரே சுண்ணாம்புத் தொட்டியில் ஐந்து வருஷம் தோல் புரட்டினோம். டீ என்றால் ஒன்றை இரண்டாக்கித்தான். அவன் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. தோஸ்த், அவ்வளவுதான்.

வருஷா வருஷம் பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கப்பி ரேஸ். பாலாற்றங்கரையில் ரோடு போடுகிறோம் என்று கப்பிக்கல்லைக் கொட்டிவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவே இல்லை. அந்தக் கல்மேல்தான் பந்தயம், போய்த் திரும்ப வேண்டும். மட்கார்டு, கேரியர் கழற்றிய, வேலைக்குப் போகிற சைக்கிள்கள். சர்ச் வாத்தியார் விசில் ஊதுவார். மசூதித் தெருப் பெண்கள் சர்பத்தோடு நிற்பார்கள். முடிவில் ஒரு பெரிய தேக்சா நிறையப் பிரியாணி. சட்டம் இரண்டு. ஒருவனுக்குச் செயின் கழன்றால், அடுத்து வருகிறவன் நின்று மாட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். முதலில் வந்தவனும் கடைசியில் வந்தவனும் ஒரே தட்டில் சாப்பிட வேண்டும். யார் வைத்த சட்டமோ, மீறி யாரும் பார்த்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், கழிவுத் தண்ணீர் வழக்கில் தோல் ஷாப்புகளை ஒவ்வொன்றாகப் பூட்டினார்கள். எங்களுடையதும் போயிற்று. மூன்று மாதம் வேலையில்லை. அன்வரின் மனைவி அப்போது நிறைமாசம். எனக்கு யாரும் இல்லை. ஆனால் பசி ஆள் பார்த்தா வருகிறது? அந்த வருஷ ரேஸைத் தொடங்கிவைக்க வந்த ஷூ கம்பெனி மேனேஜர் மைக்கில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஜெயிக்கிறவன் நாளைக்கு கேட்டாண்ட வரட்டும். கட்டிங்ல ஒரு ஆளு வேணும்."

அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது அன்வர் முதலில், நான் இரண்டாவது. புளியமரத்துத் திருப்பத்தில் அந்தக் 'கடக்'. அவன் இறங்கி, திரும்பிப் பார்த்தான். பதற்றமே இல்லை. நான்தானே வருகிறேன். கையை வேறு நீட்டினான், வா என்பதுபோல. நான் ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டே போய்விட்டேன். கப்பி தெறித்து அவன்மேல் பட்ட சத்தம்கூடக் கேட்டது.

எனக்குப் பின்னால் வந்தவர்களும், முன்னால் போனவனே நிற்கவில்லையே என்று, நிற்கவில்லை. செயின் பல்சக்கரத்துக்கும் கம்பிக்கும் நடுவே இறுகிவிட்டதாம். அவன் சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு கடைசியில் வந்தான். நான் முதல், அவன் கடைசி. ஆகவே ஒரே தட்டில் உட்கார்ந்தோம். அவன் தன் பக்கம் இருந்த கறித்துண்டை என் பக்கம் தள்ளினான். அதையும் தின்றேன். இதை உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

மறுநாள் கம்பெனி கேட்டாண்ட போய் நின்றேன். வேலை கிடைத்தது. அவனைத் தேடிப் போக ஒரு வருஷம் கால் வரவில்லை.

அடுத்த வருஷம், தோற்பதற்கென்றே ரேஸுக்குத் திரும்பிப் போனேன். அன்வருக்குப் பின்னாலேயே ஓட்டி, அவன் செயினுக்குக் காவல் போவதாகத் திட்டம். பெயர் கொடுத்தவர்களில் அவன் இல்லை. புளியமரத்துத் திருப்பத்தில் நின்றிருந்தான், கையில் ஸ்பேனரும் பழந்துணியும். பெங்களூரில் ஏதோ மூட்டை தூக்குகிற வேலை, இதற்காகவே வந்திருக்கிறான் என்றார்கள். யாருக்குச் செயின் கழன்றாலும் அவன்தான் மாட்டிவிட்டான். இனி யாரும் அங்கே யாருக்காகவும் நிற்கத் தேவையில்லை.

இப்போது அது நல்ல தார் ரோடு. கல் இல்லை, விசில் இல்லை, சர்பத் இல்லை. ரெண்டாயிரத்துக்கு அப்புறம் ரேஸ் நடந்ததாக யாருக்கும் நினைவில்லை. அன்வர் குடும்பத்தையும் பெங்களூருக்கே அழைத்துக்கொண்டு போய்விட்டான். எந்தத் தெரு என்று சொல்ல ஆளில்லை. போன வாரம் பாலத்தில் நின்றேனே, அதை அவனுக்கு எப்படிச் சொல்வது?

அன்றைக்கு, அவன் ஸ்பேனரோடு நின்ற அந்தத் திருப்பத்தில், கழலாத என் செயினோடு இறங்கினேன். எதிரில் போய் நின்றேன். என்னமோ சொல்ல வாயெடுத்தேன். அவன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"இப்ப இன்னாத்துக்கு நிக்கிற தோஸ்த்? போ."