ஐயாயிரம் கூட்டிய தறி எண்கள்

2005-ஆம் ஆண்டு என்று ஞாபகம். ஆரணியில் ஒரு பட்டு நெசவாளர் சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வேலைக்காக நான்கைந்து மாதம் தினமும் வேலூரிலிருந்து போய் வந்தேன். பஸ் கண்ணமங்கலம் தாண்டுவதற்குள்ளேயே கழுத்து வலி ஆரம்பித்துவிடும். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை, முட்டி வலியோடு மாமியார், வேலை மாற்றலாகி வெளியூரில் இருந்த கணவர். ஆரணியில் இறங்கும்போதே இன்றைய பொழுது எப்படியாவது ஓடிவிட்டால் தேவலை என்றிருக்கும்.

சங்கத்தில் ஏற்கெனவே ஒரு சாஃப்ட்வேர் இருந்தது. எந்தத் தறிக்கு எந்தப் பாவு நூல் கொடுத்தார்கள், எந்தச் சேலை நெய்து வந்தது, யார் நெய்தது என்று எல்லாம் அதற்குள்தான். எழுதியவர் சிங்கப்பூர் போய்விட்டார். மெயில் போட்டால் பதில் இல்லை. உள்ளே அறுபதுக்கும் மேற்பட்ட டேபிள்கள், அதாவது தகவல் அட்டவணைகள். எது எதோடு சம்பந்தப்பட்டது என்று ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதி வைக்கவில்லை மனிதர். அதைப் புதுப் புரோகிராமுக்கு மாற்றித் தர வேண்டியது என் வேலை. அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. நெசவாளர்களுக்கு இலவச சிகிச்சைக்காக ஆளுக்கொரு மருத்துவ அட்டை வரப்போகிறது, அதற்கான பெயர்ப் பட்டியலையும் நானே எடுத்துத் தர வேண்டும் என்றார்கள்.

முதலில் டேபிள்களின் உறவுமுறையைப் படமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்கென்று சாஃப்ட்வேர்கள் உண்டு. ஆனால் எதை எடுப்பது? நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. முதலாவது, ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடியில் இருந்தது. பத்து டேபிள் வரைந்ததும், மீதிக்கு முழு வெர்ஷன் வாங்கு என்று நின்றுவிட்டது. இரண்டாவதை நெட் சென்டரில் உட்கார்ந்து இறக்கினேன். முக்கால்வாசி வந்ததும் லைன் கட்டாகும், மறுபடி முதலிலிருந்து. இப்படி மூன்று நாள். கடைசியில் அது போட்ட படத்தில் அறுபது பெட்டிகளும் இருந்தன, ஒரு கோடுகூட இல்லை. பழைய புரோகிராமில் உறவுகளை எங்குமே முறைப்படி சொல்லி வைக்காததால், அதற்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

மூன்றாவதுதான் என்னை மயக்கியது. சொல்லி வைக்காத உறவைக்கூட அது தானே ஊகித்துக்கொள்ளும். நெசவாளர் டேபிளிலும் தறி எண் இருக்கிறது, தறி டேபிளிலும் தறி எண் இருக்கிறது, அப்படியானால் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. அச்செடுத்து, ஒட்டி, சுவரில் மாட்டினேன். சங்கத் தலைவர் வந்து பார்த்துவிட்டு, ஏதோ ஊர் மேப் மாதிரி இருக்குது என்றார். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த சாஃப்ட்வேர் இன்னொரு உபகாரமும் செய்தது. எதோடும் சேராத பதிவுகளைச் சிவப்பில் காட்டியது. நெசவாளர் டேபிளில் நூற்றுக்கும் மேல் அப்படி இருந்தன. 5012, 5044, 5310 என்று எல்லாம் ஐயாயிரத்துக்கு மேல் தறி எண்கள். தறி டேபிளிலோ ஆயிரத்துச் சொச்சம் எண்கள்தான். இல்லாத தறியில் யார் நெய்ய முடியும்? டைப் அடிக்கும்போது கை தவறி விழுந்த குப்பை என்று முடிவு கட்டினேன். ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம் வேறு. பழைய டேட்டாவை ஒரு சிடியில் எடுத்து வைத்துவிட்டு, சிவப்பு வரிகளை எல்லாம் நீக்கினேன். மறுநாள் சுத்தமான பட்டியல் சங்கத்திலிருந்து, அட்டை கொடுக்கும் வேலூர் அலுவலகத்துக்குப் போய்விட்டது. அட்டைகளும் வந்தன, விநியோகமும் நடந்தது.

அந்த அறையில் எனக்குப் பின்னால், கை நீட்டினால் தொடும் தூரத்தில், பதிவு போடும் ஒரு அக்கா உட்கார்ந்திருப்பார். சாஃப்ட்வேர் வந்த நாளிலிருந்து அத்தனை பாவையும் சேலையையும் டைப் அடித்தது அவர்தான். காலையில் ஒரு வணக்கம், பதினொரு மணிக்கு டீ, அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு கிடையாது. எனக்குப் பேசத் தெம்பும் இல்லை, பேச என்ன இருக்கிறது என்ற நினைப்பும் இருந்தது.

அட்டை கொடுத்து ஒன்றரை மாதம் இருக்கும். சேலை கொடுக்க வந்த ஒரு பெண் வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்துக் கிடந்தது. அக்கா ஓடிப் போய் தண்ணீர் கொடுத்து, ஏதோ விசாரித்துவிட்டு, நேரே என் மேஜைக்கு வந்தார்.

"மேடம், ஐயாயிரம் நம்பர்காரங்க எல்லாம் எங்க போனாங்க? ஒருத்தருக்கும் அட்டை வரலயாமே?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காதான் சொன்னார். இங்கே தறி பதிவாவது வீட்டு ஆண் பெயரில். ஆனால் பல வீடுகளில் இரண்டாவது தறி ஒன்று இருக்கும், அதில் மனைவி நெய்வார். அந்தத் தறிக்குச் சங்கத்தில் தனி எண் கிடையாது. கணவர் எண்ணிலேயே மனைவியையும் பதியலாம் என்றால், ஒரே எண்ணை இரண்டு பேருக்குப் போட பழைய புரோகிராம் விடவில்லை. யார் கையில் எந்தப் பாவு இருக்கிறது என்று தெரிய வேண்டுமே. அதனால் கணவர் எண்ணோடு ஐயாயிரத்தைக் கூட்டி, மனைவி பெயரை அக்கா தனியாக ஏற்றிக்கொண்டிருந்தார். 12-ஆம் தறிக்காரர் மனைவி 5012. நான் குப்பை என்று தள்ளிய நூற்றுச் சொச்சம் பேரும் பெண்கள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாக்கா?" என்று கேட்டுவிட்டேன். என் குரலில் கோபம்கூட இருந்திருக்கும்.

"நீங்க எதுவும் கேக்கலியே மேடம். பெரிய படமெல்லாம் போட்டுகினு இருந்தீங்க. அதுல எல்லாம் தெரியும்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறார்.

படியில் உட்கார்ந்திருந்தவருக்குக் கர்ப்பப்பையில் கட்டி. வேலூர் ஆஸ்பத்திரியில் உடனே ஆபரேஷன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அட்டை வந்ததும் செய்துகொள்ளலாம் என்று காத்திருந்தார். கணவருக்கு வந்தது, இவருக்கு வரவில்லை. திரும்பிப் போய் தறியில் உட்கார்ந்துவிட்டார். ஒன்றரை மாதமாக உதிரப்போக்கோடு குழித்தறியில் கால் தொங்கவிட்டு நெய்திருக்கிறார். அன்று கொண்டுவந்த சேலை அப்படி நெய்ததுதான்.

சிடியிலிருந்து பெயர்களை மீட்டேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தார். இந்தம்மா இப்போது சந்தவாசலுக்குப் போய்விட்டது, இது மாமியார், இது மருமகள், ரெண்டு பேர் பெயரும் ஒன்றுதான் என்று எதையும் பார்க்காமல் சொல்லிக்கொண்டே போனார். துணைப் பட்டியலோடு நானே வேலூர் அலுவலகத்துக்கு அலைந்தேன். இன்று போய் நாளை வா என்று மூன்று நாள் இழுத்தடித்தார்கள். நான்காம் நாள் அங்கிருந்த அதிகாரியிடம், தவறு சங்கத்தின் மேல் இல்லை, என் மேல்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் அசைந்தார்கள். அடுத்த வாரம் ஆபரேஷன் நடந்தது. நிறைய ரத்தம் ஏற்ற வேண்டியிருந்ததாம். பிழைத்துக்கொண்டார்.

என் வேலை முடியும் சமயத்தில் அவர் ஒரு நாள் சங்கத்துக்கு வந்தார். இளைத்துப் போயிருந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எத்தனையோ வார்த்தை யோசித்து வைத்திருந்தேன். "அட்டை வரலன்னதும் உடனே வந்து கேட்டிருக்கலாமே, ஏங்க கேக்கல?" என்றுதான் கேட்க முடிந்தது.

அவர் சிரித்தார். "இன்னாத்துக்குக் கேக்கறது மேடம்? என் பேரு எந்த லிஸ்ட்லதான் இருந்துச்சு? அதான் இதுலயும் இல்ல போலன்னு வூட்டுக்குப் போய்ட்டேன்."

இத்தனை வருடத்தில் படம் வரைய எத்தனையோ சாஃப்ட்வேர் மாறிவிட்டது, வேலையும் அலுப்பும் மாறவில்லை. ஆனாலும் சேராத வரி என்று ஒன்று திரையில் தெரிந்தால், எவ்வளவு அசதியாக இருந்தாலும் எழுந்து போய் அதை டைப் அடித்தவரிடம் கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறேன், ஏனென்றால் அந்த வரிக்குரியவர் வந்து என்னிடம் கேட்க மாட்டார்.