வெயில் படாத டப்பா

வெள்ளானூர் தினகரனுக்கு லோடு ஆட்டோ ஓட்டுவது பிழைப்பு. பெண்டாட்டி சுதாவின் பெருமை பேசுவது பொழுதுபோக்கு. வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் அவள் ஈஸ்ட்டின் மேல் கதிர்வீச்சைப் பாய்ச்சி முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்கிறாள். ரொட்டியை உப்ப வைக்கும் அதே ஈஸ்ட்தான். ஸ்டாண்டில் மற்ற டிரைவர்களுக்குத் தினகரன் நடத்தாத பாடமில்லை.

“மொதல்ல துளியூண்டு கதிர் காட்டணும் மாமே. அப்பால பெருசா அடிச்சாலும் தாங்கிக்கும். துளியும் காட்டாததுதான் பொட்டுனு பூடும்.”

அவர்களும் தலையாட்டினார்கள். டீ வாங்கிக் கொடுப்பவர் அவராயிற்றே.

பெரிய அளவு கதிர் கொடுக்கக் கல்லூரியிலேயே இயந்திரம் உண்டு. சின்ன அளவுக்கு மட்டும் ஆவடியில் உள்ள ஓர் ஆய்வுக்கூடம் வரை போக வேண்டும். அந்த வேலை தினகரனுடையது. இரண்டு டப்பாக்கள்: ஒன்றுக்குக் கதிர் காட்ட வேண்டும், மற்றது ஒப்பிட்டுப் பார்க்க. திரும்பி வந்ததும் இரண்டுக்குமே பெரிய அளவு கொடுத்து, எது பிழைக்கிறது என்று சுதா பார்ப்பாள்.

முடிவு அமோகமாக வந்தது. சின்னக் கதிர் பார்த்த ஈஸ்ட் பெருவாரியாகப் பிழைத்தது. பார்க்காதது ஏறக்குறைய காலி. வழிகாட்டி மைதிலி மேடம், ஆய்வேட்டை எழுதத் தொடங்கு என்றார். அன்று தினகரன் பிரியாணி வாங்கிவந்தார். சாப்பிடும்போது பெருமை தாங்காமல் வாயை விட்டார்.

“கதிர் காட்டாத டப்பாவ நான் ஒருநாளும் வெயில்ல அலையவுட்டதில்ல சுதா. சும்மா போய்ட்டு சும்மா வரதுக்கு இன்னாத்துக்குனு உங்க ஏசி ரூம்லயே உட்டுட்டுப் பூடுவேன்.”

சுதாவின் கை தட்டிலேயே நின்றது.

“ரெண்டும் போய் வந்தாத்தான் மாமா கணக்கு. சூடு பட்டாலும் ஈஸ்ட் முறுக்கேறி, பெரிய கதிரத் தாங்கிக்கும். இப்போ அத்தக் காப்பாத்துனது கதிரா, உன் வண்டிச் சூடானு எப்பிடிச் சொல்லுவேன்?”

தினகரன் பிரியாணித் தட்டைத் தள்ளிவைத்தார். யாருக்குத் தெரியப்போகிறது, அப்படியே எழுதிவிடு என்று நாக்கு நுனி வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டார். அவள் மேடத்திடம் சொல்லிவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். ஒரு கோடை முழுக்க அதிலேயே போயிற்று. இரண்டு டப்பாக்களும் ஒட்டி உட்கார்ந்து, ஒரே வெயிலில் வெந்து, ஆவடி போய்வந்தன. நல்ல லோடு கிடைத்த நாளிலும் தினகரன் அந்த நடையை விடவில்லை.

கடைசி முடிவு வந்த அன்று கல்லூரி வாசலில் வண்டியிலேயே காத்திருந்தார். முன்பு மலைக்கும் மடுவுக்குமாக இருந்த வித்தியாசம் சுருங்கிப் போயிருந்தது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் கதிர் பார்த்த ஈஸ்ட்தான் கூடுதலாகப் பிழைத்திருந்தது.

“கொஞ்சந்தான் மாமா. ஆனா நெசம்” என்றாள் சுதா. “மீதியெல்லாம் உன் வண்டி வெயிலு. ரெண்டையும் எழுதப் போறேன்.”

“அப்போ நான் பண்ண தப்பும் புஸ்தகத்துல வருமா?”

“வரும்.”

வெட்கப்பட வேண்டிய மனுஷன், ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு சந்தோஷத்தில் தேம்பித் தேம்பி அழுதார்.