பதினாறாவது இடம்

ராமாமணி ஸ்கோர் மேசையில் உட்கார்ந்திருக்கிறாள் என்றால் நடுவர்களே கொஞ்சம் அடக்கி வாசிப்பார்கள். கோயமுத்தூரில் பாஸ்கெட்பால் போட்டி எங்கே நடந்தாலும், பதினேழு வருடமாக அந்த மேசை அவளுடையது. ஒருமுறை ஜெயித்த டீமுக்கு மாலை போட்டுக் கோப்பையைத் தூக்கப் போகிற நேரத்தில், "நில்லுங்க, ஒரு பாயிண்ட் கூட ஏறியிருக்குது" என்று எழுந்து நின்றவள். கூட்டம் கத்தியது. அவள் நோட்டைத் திருப்பிக் காட்டினாள். ஆட்டம் சமன் என்றாகி, இன்னும் ஐந்து நிமிடம் நடந்து, மாலை வேறு கழுத்துகளுக்குப் போனது. அதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், "எழுதுனது சரியா இருக்கோணுமில்லீங்க" என்பாள். அதற்கு மேல் பேச மாட்டாள்.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்பு கம்பெனியின் ஸ்டோர்ஸில் வேலை. கணவர் சென்னகேசவனுக்கு வீட்டுக்குப் பின்னாலேயே லேத் பட்டறை. கல்லூரி நாளில் ஜில்லா டீமுக்கு ஆடியவள். முழங்கால் போன பிறகு ஸ்கோர் எழுத வந்தாள். 1991 மழைக்காலத்தில் போட்டிகள் எல்லாம் தள்ளிப்போய்க் கை சும்மா இருந்தபோதுதான் அந்த லீக் பிறந்தது.

லீக் என்றால் காகிதத்தில் நடக்கும் லீக். எட்டு ஊர், எட்டு டீம், எட்டு உரிமையாளர்கள். ஆட்டக்காரர்கள் யாரும் நிஜமில்லை. எல்லோரும் உரிமையாளர்கள் பேர் வைத்து அனுப்புகிற கற்பனை ஆட்கள். எறிவது, பாஸ் கொடுப்பது, தடுப்பது என்று ஒவ்வொருவருக்கும் உள்ள திறமையை முதலில் பகடை உருட்டி எண்ணாக முடிவு செய்வாள். வாரா வாரம் யார் யாரை எப்போது இறக்குவது என்று உரிமையாளர்கள் தபால் கார்டில் எழுதிப் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ராமாமணி சாப்பாட்டு மேசையில் இரண்டு பகடைகளை உருட்டி, நாற்பது நிமிட ஆட்டத்தைப் பத்துப் பத்து நிமிடமாக ஆடி முடிப்பாள். திங்கட்கிழமை ஜெராக்ஸ் எடுத்து எட்டு ஊருக்கும் தபாலில் சேர்ப்பாள்.

வருடத்துக்கு ஒரு டீமுக்கு இரண்டு புதுமுகங்கள். சீசன் முடிந்ததும் அந்தப் பதினாறு பேரையும் ஒன்றிலிருந்து பதினாறு வரை வரிசைப்படுத்தி, ஒவ்வொருவரையும் பற்றி இரண்டு மூன்று வரி எழுதுவாள். கோப்பை யாருக்கு என்பதைவிட அந்தப் பட்டியலுக்குத்தான் எல்லோரும் காத்திருப்பார்கள். அதில் அவள் யாருக்கும் முகம் பார்த்ததில்லை.

1996 ஏப்ரலில் அனுப்பிய பட்டியலின் கடைசியில் இப்படி இருந்தது: "பதினாறு. சுரேந்தர், சோமனூர். இடதுகை, ஐந்தடி ஆறங்குலம். கடைசிப் பத்து நிமிடத்தில் இவனால் டீமுக்குப் பயனில்லை. குறை இவனிடம் மட்டும் இல்லை. ஒரு ஆட்டத்தில்கூட இவனை உட்கார வைக்கத் தெரியாத உரிமையாளரிடமும் இருக்கிறது. அடுத்த வருடம் வேறு ஆளைப் பார்ப்பது நல்லது."

சோமனூர் டீம் கந்தப்பனுடையது. விசைத்தறி வைத்திருப்பவர். நான்கு வருடமாகக் கார்டு போடுகிறார், அவள் நேரில் பார்த்ததில்லை. மற்றவர்கள் புதுமுகம் என்றால் ஆறரை அடியில் ஆளை இறக்குவார்கள். இவர் மட்டும் இப்படிக் குள்ளமாக ஒருவனை அனுப்பியிருந்தார். இடைவிடாமல் ஆடுகிறவனுக்குக் கடைசிப் பகுதியில் எண் குறையும் என்பது லீக்கின் விதி. அது தெரிந்தும் வாரா வாரம் நாற்பது நிமிடமும் சுரேந்தரை ஆட விட்டார். பார்த்துப் பார்த்து அவளுக்கே எரிச்சல் வந்திருந்தது.

அடுத்த சீசனுக்குச் சேர்வதாக மே பதினைந்துக்குள் எல்லோரும் கார்டு போட வேண்டும். ஏழு கார்டுகள் வந்தன. சோமனூர்க் கார்டு வரவில்லை. கோபித்துக்கொண்டார் போலிருக்கிறது என்று நினைத்தாள். பெருந்துறை டீம் தாஜுன்னிசாவுடையது, கணக்கு டீச்சர். முன்பு சோமனூர்ப் பள்ளியில் இருந்தவர், கந்தப்பனை லீக்கில் சேர்த்துவிட்டதும் அவர்தான். ராமாமணி அவருக்குப் போன் செய்தாள்.

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேனுங்க" என்றார் தாஜுன்னிசா. "சுரேந்தருங்கறது அவுங்க பையன் பேரு. எங்கிட்டத்தான் பத்தாவது படிச்சான். போன வருசத்துக்கு முந்துன தை மாசம், பைக்குல போறப்ப லாரி மோதிருச்சு. பதினெட்டு வயசுங்க."

ராமாமணி போனை வைத்துவிட்டுப் பட்டியலின் நகலைத் தேடி எடுத்தாள். 'வேறு ஆளைப் பார்ப்பது நல்லது' என்ற வரியைத் தன் கையெழுத்திலேயே படித்தாள். அன்று அவள் சமைக்கவில்லை. சென்னகேசவன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, பேசாமல் அவனை மேலே தூக்கிப் போட்டு ஒரு பட்டியல் அனுப்பிவிடேன் என்று தெலுங்கில் சொன்னார். அவள் அந்த வருடத்து ஸ்கோர் தாள்களை எல்லாம் பரப்பி வைத்துக்கொண்டு மறுபடி கூட்ட ஆரம்பித்தாள்.

சனிக்கிழமை காந்திபுரம் போய் சோமனூர் பஸ் பிடித்தாள். தறிக்குடோனும் வீடும் ஒரே வளாகம். அவள் பேரைச் சொன்னதும் கந்தப்பன் உள்ளே போய் தறிகளை நிறுத்திவிட்டு வந்தார். சத்தம் நின்ற பிறகும் தறிக்காரர்களின் உரத்த குரலிலேயே பேசினார்.

"வாங்க, வாங்க. ஏனுங்க இத்தன தூரம்? ஒரு கார்டு போட்டிருந்தா நானே வந்திருப்பேனே."

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள் ராமாமணி. பஸ்ஸில் யோசித்து வைத்திருந்தது எதுவும் வாயில் வரவில்லை. "தெரிஞ்சிருந்தா அந்த வரிய எழுதியிருக்க மாட்டேனுங்க."

"எடம்? எடத்த மாத்தியிருப்பீங்களா?"

பொய் சொல்ல அவளால் அப்போதும் முடியவில்லை. "இல்லீங்க."

கந்தப்பன் மெல்லத் தலையாட்டினார். "அதானுங்க. மாத்தியிருந்தா அது அவன் ஆடுன ஆட்டமா இருக்காதே."

அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். "மொதப் பாதிய மட்டும் தனியாக் கூட்டிப் பார்த்தேனுங்க. பதினாறு பேர்ல ஆறாவது வர்றான். களைச்சுப் போனதுக்கப்புறம்தான் எல்லாங் கொறஞ்சிருக்குது. இது சும்மா ஆறுதலுக்குச் சொல்றதில்லீங்க, கணக்குல இருக்கறது."

அவர் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஏனுங்க ஒரு தடவகூட உக்கார வெக்கல?" என்று கேட்டாள்.

"ஸ்கூல் டீமுல இருந்தானுங்க. குள்ளமில்லீங்களா, எறக்க மாட்டாங்க. தறிய நிறுத்திப்போட்டு மூணு மேட்ச் போயிப் பார்த்தேன். மூணு மேட்ச்சும் பெஞ்சுலயேதான் உக்காந்திருந்தான். கடேசி மேட்ச் முடிஞ்சு வர்றப்ப, 'அடுத்த தடவ கண்டிப்பா எறக்குவாங்கப்பா, வந்துருங்க'ன்னான்." அவர் குரல் அப்போதுதான் தணிந்தது. "உக்கார வெக்க எனக்கு மனசு வரலீங்க."

அவருடைய மனைவி மாரியாத்தாள் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது கண்ணு. வாரா வாரம் உங்க காயிதம் வந்தா இவருதான் அவன் பேரு வர்ற எடத்தப் படிச்சுக் காட்டுவாரு. போன மாசம் வந்ததப் படிக்கவே இல்ல, மடிச்சு வெச்சுப்போட்டாரு. தோத்தா என்ன கண்ணு? ஆடுனானா இல்லியான்னு தெரிஞ்சாப் போதும் எனக்கு."

என்ன எழுதியிருந்தது என்று ராமாமணியே அவளுக்குச் சொன்னாள். ஒரு வரி விடாமல் சொன்னாள். கந்தப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாரியாத்தாள் கேட்டு முடித்து, "அவ்வளவு நேரம் ஓடுனா காலு ஓஞ்சுதான் போகும்" என்றாள், யாரையும் குறை சொல்லாத குரலில். பிறகு கேட்டாள்: "உக்கார வெச்சா எவ்வளவு நேரமுங்க?"

"பத்து நிமிசம். மூணாவது பகுதியில உக்காந்தா கடைசில நல்லா ஆடலாம்."

"அப்ப உக்காரட்டும். தண்ணி குடிச்சுப்போட்டு வரட்டும்." மாரியாத்தாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "திரும்ப வந்துருவானில்ல கண்ணு?"

"வந்துருவானுங்க" என்றாள் ராமாமணி.

மறு வாரம் எட்டு ஊருக்கும் ஒரு தாள் போனது. வரிசையில் மாற்றமில்லை என்றும், பதினாறாவது ஆட்டக்காரனையும் அவனுடைய உரிமையாளரையும் பற்றி எழுதியது தவறு, அதைத் திரும்பப் பெறுகிறேன் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். காரணம் எழுதவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

ஜூனில் சோமனூரிலிருந்து கார்டு வந்தது. சுரேந்தர் நாற்பது நிமிடமும். அடுத்த வாரமும் அப்படியே, அதற்கடுத்த வாரமும். அவள் விதிப்படி எண்ணைக் குறைத்தாள்; அவன் கடைசியில் தவறவிட்டதை எல்லாம் தவறவிட்டதாகவே எழுதினாள். ஆகஸ்டில் ஒரு கார்டில் மூன்றாவது பகுதிக்கு வேறு பேர் இருந்தது. முதலில் சுரேந்தர் என்று எழுதி, அதை அடித்துவிட்டு, மேலே அந்தப் பேரை எழுதியிருந்தார் கந்தப்பன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது பகுதி முடிந்ததும் ராமாமணி பகடையைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் சும்மா இருந்தாள். பிறகு உருட்டினாள். சுரேந்தர் நான்கு தடவை எறிந்து இரண்டு பாஸ்கெட் போட்டான். சோமனூர் மூன்று பாயிண்டில் தோற்றது.

எல்லா ஊருக்கும் ஒரே தாள்தான். சோமனூருக்குப் போகிற தாளில் மட்டும், சுரேந்தர் பேருக்குப் பக்கத்தில், படித்துக் காட்ட வசதியாகப் பெரிய எழுத்தில் பேனாவால் எழுதினாள்: "முப்பது நிமிடம் ஆடினான்."