காட்டாமணக்கைத் தேடிக் கடலோர மணலுக்கு

வண்டிக்கு ஊற்றும் எண்ணெய்க்காக எங்கோ மழைக்காட்டை வெட்டி எண்ணெய்ப்பனை வைக்கிறார்கள், அதற்குப் பதில் பாலைவனத்தில் எண்ணெய்ப் பயிர் வைக்கலாமே என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அன்றிலிருந்து மண்டைக்குள் ஒரே குடைச்சல். நம் பக்கத்திலேயே கடலோர மணலில் அப்படியொரு எண்ணெய்ப் பயிரான காட்டாமணக்கு போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், 2009 புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை கிளம்பிவிட்டேன். "தஞ்சாவூர்ல இருந்துகிட்டு பாலைவனம் பாக்கப் போறீங்களாக்கும்" என்று மனைவி சிரித்தாள்.

காலை 6.10க்குத் தஞ்சாவூரில் பஸ். மயிலாடுதுறையில் இறங்கி, இரண்டு இட்லி தின்று, தரங்கம்பாடி பஸ் பிடித்தேன். திருக்கடையூரில் இறங்கும்போது மணி 10. அங்கே மணிவிழாக் கூட்டம். மாலையும் கழுத்துமாக நாலு ஜோடி. கடற்கரைப் பக்கம் ஏழு கிலோமீட்டர் போய் வர ஆட்டோ 150 ரூபாய்.

"காட்டாமணக்கா? வேலிக்கு வைக்கறதப் பாக்கவா சார் இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்றார் ஆட்டோக்காரர். ஆடு வாய் வைக்காது என்பதால் இங்கே அது வேலிச் செடி.

நிலத்துக்காரர் வசந்தா. நாற்பது வயதிருக்கும். பிறர் வயலில் நாற்று நட்ட குடும்பம். நிலமில்லாதவர்களுக்கு அரசு இரண்டு ஏக்கர் கொடுத்தபோது இந்த மணல் அவர் பெயருக்கு வந்தது. ஒரு ஏக்கரில் ஒரு கம்பெனி சொன்னபடி காட்டாமணக்கு. மறு ஏக்கர் மார்கழியில் கடலை போட. அன்று அதில் இரண்டு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"அதையும் பத்து வருஷத்துக்குக் கேக்கறாங்க சார். கையெழுத்து வாங்கக் கம்பெனிக்காரரு இப்ப வர்றாரு" என்றார்.

நட்டு இரண்டு வருஷமான செடிகள் என் முழங்கால் உயரம்தான். ஒரு காய் இல்லை. பக்கத்து நெல்வயலின் வாய்க்கால் ஓரம், வேலியில் நின்ற அதே செடியோ ஆள் உயரம், கொத்துக் கொத்தாகக் காய். பாலைவனப் பயிர் காவிரித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது! படம் எடுத்துக்கொண்டேன்.

பதினொன்றரைக்குக் கம்பெனிக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மரியாதையான மனிதர்.

"தண்ணியே இல்லாம உயிரோட நிக்குது பாருங்கம்மா."

"நின்னு என்னங்க, காய்க்கலியே?"

"கோடையில நாலு தண்ணி விட்டா காய்க்கும்."

"தண்ணி இருந்தா நான் நெல்லுல்ல போடுவேன்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்துக்கொண்டே பத்திரத்தை நீட்டினார். வசந்தா சிரிக்கவில்லை.

"எங்க அப்பா காலத்துலேந்து அடுத்தவங்க வயல்லயே நின்னோம். இதுதான் எம்பேர்ல உள்ள மொத நெலம். சும்மாதானே கெடக்குன்னு நீங்க சொல்றீங்க. இதையும் குடுத்துட்டு நான் எங்கங்க போயி நிக்கறது?"

கம்பெனிக்காரர் பத்திரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

போக நினைப்பவர்களுக்கு: குடிதண்ணீர், தொப்பி அவசியம். மணல் பத்து மணிக்கே சுடும். ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லுங்கள், திரும்ப வண்டி கிடைக்காது. மயிலாடுதுறை போக எனக்கு 1.20க்குப் பஸ் கிடைத்தது.

மழைக்காடு பிழைக்க வேண்டும் என்பதில் எனக்கு இப்போதும் மாற்றுக் கருத்து இல்லை. வீட்டுக்கு வந்து அந்தக் கட்டுரையை மறுபடி எடுத்துப் படித்தேன். மண்ணைப் பற்றி இருந்தது, மழையைப் பற்றி இருந்தது, எண்ணெயைப் பற்றி நாலு பக்கம் இருந்தது. அந்தப் பாலைவன மணல் யாருடையது என்று ஒரு வரி இல்லை. முதல் தடவை படித்தபோது நானும் அதைத் தேடவில்லை.