நூலகம் போன நேரங்கள்

சனிக்கிழமை மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து தபாலில் வந்த கடிதம் மூன்றே வரி. டாக்குரியாவில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் கான்கிரீட் ஆலையை வியாழனன்று ஆய்வு செய்ததாகவும், தூசி எதுவும் தென்படவில்லை என்றும், என் புகார் முடித்துவைக்கப்பட்டது என்றும் சொன்னது. என் நாட்குறிப்பைப் புரட்டினேன். அந்த வியாழனன்று ஒரு சிமென்ட் லாரிகூட வரவில்லை.

என் மனைவிக்கு ஆஸ்துமா. ஆலை வந்தபின் இரண்டு மாடி ஏறுவதற்குள் இன்ஹேலரைத் தேடுகிறாள். அவள் இந்த வீட்டில் இருக்க முடிய வேண்டும் என்றுதான் புகார் கொடுத்தேன். வங்கியில் ஓய்வுபெற்றவன்; நாளும் மணியும் போடாமல் எனக்கு எதையும் எழுதத் தெரியாது. லாரி வந்த நேரம், தூசி கிளம்பிய நேரம், காற்றின் திசை என்று ஐந்து மாதக் குறிப்புகளை நகலெடுத்து இணைத்தேன். யாரும் குறை சொல்லக் கூடாதென்று, நான் வீட்டில் இல்லாத வேளைகளையும் குறித்திருந்தேன்: செவ்வாய், வெள்ளி, காலை பத்து முதல் ஒன்று வரை நூலகம், பதிவு இல்லை.

அலுவலகம் அந்த நகலை விளக்கம் கேட்டு ஆலைக்கே அனுப்பிவிட்டது. அதுதான் நடைமுறையாம். அதற்கடுத்த வாரத்திலிருந்து சிமென்ட் இறக்கியதெல்லாம் செவ்வாயும் வெள்ளியும், நான் நூலகத்தில் இருக்கும்போது; வீட்டிலிருந்த மனைவி சொல்லித்தான் தெரிந்தது.

"அவாளுக்கு டைம்டேபிள் போட்டுக் குடுத்துட்டேளே!" என்றாள் மனைவி, இருமலுக்கு நடுவே.

"நான் இல்லாதப்போ நீ எழுதி வெச்சிருக்கலாமே."

"நான் மூச்சு விடறதா, மணி பாக்கறதா?"

கடிதம் வந்தபின் நூலகத்தை விட்டுவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஐந்து லாரி. அந்தக் குறிப்போடு அலுவலகத்துக்குப் போனேன். இத்தனை நடையில் பழகிவிட்ட குமாஸ்தா டீ வரவழைத்தார். தாளைத் தொடவில்லை.

"இதை வாங்கிக்க முடியாது, தாதா," என்று அண்ணன் முறை வைத்து வங்காள மொழியில் சொன்னார். "புது விதி வந்தாச்சு. இனிமே தூசியைக் கம்பெனியே அளக்கும், கம்பெனியே எழுதிக் குடுக்கும். நாங்க ஃபைல்ல போட்டுக்கறதோட சரி."

"தூசி கிளப்பறவனே அளந்தா என்ன எழுதுவான்?"

"உங்களை மாதிரியேதான். நாள், மணி எல்லாம் போட்டு, சுத்தமா இருக்கும்." சிரித்தார். பிறகு பக்கத்து மேஜையைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "அந்த விதியோட வரைவே ஆலைக்காரங்க சங்கத்துல டைப் ஆகி வந்ததுதான். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

திங்களன்று மனைவியை ஜாதவ்பூரில் மகள் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். ஆட்டோவிலிருந்து இறங்கும்போது, "எத்தனை நாளைக்கு?" என்று கேட்டாள். நான் பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன்.

வரைவை எழுதியது யார் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. குமாஸ்தா சொன்னது உண்மையா என்பதை இதை எழுதும் வரை என்னால் சரிபார்க்க முடியவில்லை.